மேலே காய்ந்துவிட்டது, அடியில்? யூவி மை, யூவி வார்னிஷ்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் யூவி மை, யூவி வார்னிஷ் (புறஊதா ஒளி பட்டதும் கெட்டியாகும் மையும் பளபளப்புப் பூச்சும்) பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். இவற்றின் மூலப்பொருளான ரெசினைச் செய்யும் தொழிற்சாலையில் ரியாக்டர் பக்கமும், அதன் பிறகு அச்சகங்களுக்கு நேரில் போய்ச் சிக்கல் தீர்க்கும் வேலையிலும் பல காலம் இருந்த வேதியியலாளர் பதில் சொல்கிறார்.

மேடம், மெட்டலைஸ்டு போர்டில் (உலோகப் பூச்சுள்ள அட்டையில்) யூவி மை ஓட்டுகிறோம். மெஷினிலிருந்து வெளியே வரும் டெலிவரியில் ஷீட்டை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் திருகிப் பார்த்தால் மை ஒட்டுவதில்லை. ஆனால் கறுப்பு அடர்த்தியாக உள்ள இடத்தில் செல்லோடேப் ஒட்டி இழுத்தால் மை பெயர்ந்து வருகிறது. மை கம்பெனியைக் கேட்டால் போர்டு சரியில்லை என்கிறார்கள். போர்டு கடையில் மை சரியில்லை என்கிறார்கள். யார் சொல்வது சரி?
*அச்சகப் பொறுப்பாளர், சிவகாசி*

இரண்டு பேரிடமும் சண்டை போடுவதற்கு முன்னால், பெயர்ந்து வந்த அந்த டேப்பைப் பாருங்கள். பதில் அதிலேயே இருக்கிறது. டேப்பின் பசை மையின் மேல்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கும். அதாவது, போர்டோடு ஒட்டியிருந்த அடிப்பக்கம் இப்போது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. காது குடையும் பஞ்சுக் குச்சியால் அதை லேசாகத் தடவுங்கள். விரலால் வேண்டாம். பஞ்சில் கறுப்பு ஒட்டினால் அடியில் மை வேகவில்லை, அதாவது கெட்டியாகவில்லை. ஒட்டாமல், காய்ந்த தோல் மாதிரி முழுசாக உரிந்து வந்திருந்தால் மை வெந்துவிட்டது, போர்டுதான் அதைப் பிடிக்கவில்லை.

கறுப்பில் மட்டும் பெயர்கிறது என்று எழுதியிருப்பதால் முதல் வகை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கறுப்பு மையில் இருப்பது கார்பன். அது புறஊதா ஒளியை விழுங்கும். மேலே உள்ள கொஞ்சம் மை கெட்டியாகும், அடிக்கு ஒளி போய்ச் சேராது. பணியாரம் வெளியே சிவந்து உள்ளே மாவாக இருக்குமே, அதே நிலைதான். கட்டைவிரல் சோதனை மேல்தோலை மட்டும்தான் சொல்லும். பல அச்சகங்களில் அந்த ஒரே சோதனையை நம்பி லாரி ஏற்றிவிடுகிறார்கள் என்பது எனக்கு எப்போதுமே வருத்தம்.

மையைக் கெட்டியாக்கும் யூவி விளக்குக்கு வருவோம். மெர்குரி விளக்கு சுமார் 1,000 மணி நேரத்துக்கு மேல் எரிந்த பிறகு மெல்ல மெல்லத் திறன் குறையும். கண்ணுக்கு அது தெரியாது. பேனலில் ஆம்பியர் அப்படியே காட்டும். விளக்கு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. எவ்வளவு யூவி வெளியே வருகிறது என்பதை அல்ல. விளக்குக்குப் பின்னால் உள்ள ரிஃப்ளெக்டரில் மைத் தூசியும் பவுடரும் படிந்து கருகியிருந்தால் பாதி ஒளி அங்கேயே போய்விடும். மெஷினை நிறுத்தி, ஆறவைத்து, பஞ்சில்லாத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்து ரிஃப்ளெக்டரையும் குவார்ட்ஸ் குழாயையும் துடையுங்கள். குழாயை வெறுங்கையால் தொடாதீர்கள். விரல் பட்ட இடத்தில் எண்ணெய் எரிந்து நிரந்தரக் கறையாகும்.

அப்புறம் யூவி ஒளியை அளக்கும் ரேடியோமீட்டர் ஒன்று வாங்குங்கள். நேராகச் சொல்கிறேன், மையின் அடர்த்தியை அளக்கும் புது டென்சிட்டோமீட்டரைவிட உங்களுக்கு அதுதான் அவசரம். புது விளக்கு மாட்டிய அன்று ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிஜூல் என்று அளந்து, மெஷின் வேகத்தோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை அளந்தால் எப்போது விளக்கு மாற்ற வேண்டும் என்று நோட்டே சொல்லும்.

டிசைன் பக்கமும் ஒரு விஷயம் பாருங்கள். நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய கறுப்பு என்றால், எந்த விளக்கானாலும் திணறும். அச்சுக்கு முன் டிசைனைத் தயார்செய்யும் பிரீபிரஸ்ஸில், கறுப்புக்கு அடியில் வரும் மற்றக் கலர்களைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பஞ்சில் மை ஒட்டவே இல்லை என்றால் மேற்பரப்பு மையைப் பிடிக்குமா என்று காட்டும் டைன் பேனாவால் போர்டைச் சோதியுங்கள். 38 டைனுக்குக் கீழே காட்டினால் போர்டு கடைக்காரரிடம் தாராளமாகப் பேசலாம்.

பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். யூவி ரெசின் நொடியில் காய்கிறது என்கிறார்கள். சாதாரண பெயின்ட் ஒரு நாள் எடுக்கிறதே. இந்த ரெசினில் அப்படி என்ன இருக்கிறது?
*மாணவி, விருதுநகர்*

சாதாரண பெயின்டில் தின்னர் ஆவியாகிப் போக வேண்டும், அல்லது எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி மெதுவாகக் கெட்டியாக வேண்டும். யூவி வார்னிஷில் ஆவியாகிப் போக எதுவும் இல்லை. 4 மைக்ரான் ஈரமாகப் பூசினால் ஏறக்குறைய 4 மைக்ரானும் படலமாக நிற்கும்.

உள்ளே இருப்பவை முக்கியமாக மூன்று. முதலில் ஆலிகோமர், அதாவது இரண்டு முனையிலும் அக்ரிலேட் இரட்டைப் பிணைப்பு உள்ள நடுத்தர நீள மூலக்கூறு. இரண்டாவது, அதைப் பூசுகிற பதத்துக்கு இளக்கும் மானோமர்: டிபிஜிடிஏ, டிஎம்பிடிஏ, எச்டிடிஏ என்று டிரம்மில் எழுதியிருக்கும். இது தின்னர் மாதிரி பறந்துபோகாது, தானும் சேர்ந்து கெட்டியாகும். மூன்றாவது ஃபோட்டோ இனிஷியேட்டர், அதாவது ஒளியால் வினையைத் தொடங்கி வைக்கும் பொருள். இது ஒளி பட்டதும் உடைந்தோ, பக்கத்து மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கியோ தனி உறுப்பை (ஃப்ரீ ராடிக்கல்), அதாவது ஜோடியில்லாத எலக்ட்ரானோடு வினைபுரியத் துடிக்கும் துண்டைத் தரும். அந்தத் தனி உறுப்பு ஓர் இரட்டைப் பிணைப்பைத் தாக்கும், அது அடுத்ததை, அது அடுத்ததை. ஒரு விநாடிக்குள் திரவம் முழுக்க ஒரே வலையாகிவிடும். ஆனால் வலை இறுக இறுக மீதி மூலக்கூறுகள் நகர இடமில்லாமல் நின்றுவிடும் என்பதால், நன்றாக வெந்த படலத்திலும் கொஞ்சம் இரட்டைப் பிணைப்பு தீராமல் மிச்சமிருக்கும். எவ்வளவு மிச்சம் என்பதுதான் இந்தத் தொழிலின் முழுக் கவலை.

அதைக் கண்ணால் பார்க்க உங்கள் கல்லூரி ஆய்வகத்திலேயே வழி இருக்கிறது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் 1 சதவீதக் கரைசல் செய்யுங்கள். வெள்ளை அட்டைமேல் வெறும் யூவி வார்னிஷ் பூசி, விளக்கின்கீழ் ஒருமுறை போன துண்டு ஒன்று, மூன்று முறை போன துண்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். மிச்சமுள்ள இரட்டைப் பிணைப்பு பெர்மாங்கனேட்டை மாங்கனீசு டைஆக்சைடாக மாற்றும். பழுப்புக் கறை விழும். ஒருமுறை போனதில் கறை அடர்த்தியாகவும் மூன்று முறை போனதில் வெளுத்தும் இருக்கும். எத்தீனுக்குப் பாடப்புத்தகத்தில் படித்த அதே வினைதான்.

ரெசின் எப்படிச் செய்கிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த பகுதி இது. மிக அதிகம் ஓடுவது எபாக்ஸி அக்ரிலேட். பிஸ்பினால்-ஏ எபாக்ஸியை ரியாக்டரில் சூடாக்கி, வினையூக்கி போட்டு, அக்ரிலிக் அமிலத்தை மெதுவாக விட வேண்டும். வெப்பம் 90 முதல் 110 டிகிரிக்குள் நிற்க வேண்டும். இன்னும் வினைபுரியாத அமிலம் எவ்வளவு என்று காட்டும் அமில எண், தொடக்கத்தில் 214 அளவில் இருக்கும். மணிக்கொரு தரம் சாம்பிள் எடுத்து டைட்ரேஷன் செய்துகொண்டே இருப்போம். அது 5-க்குக் கீழே இறங்கினால் சமையல் முடிந்தது. மற்ற ரியாக்டர்களில் தீப்பிடிக்காமல் இருக்க நைட்ரஜன் ஊதுவார்கள். இங்கே அடியிலிருந்து காற்று குமிழியிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காற்று நின்றால் உள்ளே இருப்பது தானாகவே கெட்டியாகத் தொடங்கிவிடும். ஷிஃப்ட் மாறும்போது புதிதாக வருபவர் முதலில் பார்ப்பது காற்று மீட்டரைத்தான். ஏன் என்பதை டிரம் பற்றிய கேள்விக்கான பதிலில் எழுதியிருக்கிறேன்.

எபாக்ஸி அக்ரிலேட் விலை குறைவு, கடினம், பளபளப்பு அதிகம். ஆனால் வளைந்தால் உடையும், வெயிலில் மஞ்சளாகும். யூரித்தேன் அக்ரிலேட் வளையும், தேயாது, விலை கூடுதல். நம் வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் கண்ணாடி இழையைப் பாருங்கள். இழையின் விட்டம் 125 மைக்ரான்தான். அதன்மேல் மெத்தென்ற யூரித்தேன் அக்ரிலேட் ஒரு பூச்சு, அதற்கு மேல் கடினமான பூச்சு ஒன்று, மொத்தம் 250 மைக்ரான் அளவுக்கு வரும். இழை உருகி இறங்கும் வேகத்திலேயே, நிமிடத்துக்கு 1,000 மீட்டருக்கு மேல், இரண்டையும் யூவியில் கெட்டியாக்குகிறார்கள். இந்தப் பூச்சு இல்லாவிட்டால் அந்த இழையைச் சுருட்டவே முடியாது.

என் வீட்டுக்காரர் யூவி கோட்டிங் மெஷினில் வேலை பார்க்கிறார். சில மாதமாக விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் அரிப்பு, தோல் உரிகிறது. லீவு போட்டால் ஆறுகிறது, வேலைக்குப் போனால் திரும்ப வருகிறது. "யூவியில் கெமிக்கல் ஒன்றும் பறக்காது, கெடுதல் இல்லை" என்று அவருடைய முதலாளி சொல்கிறாராம். உண்மையா அம்மா?
*குடும்பத் தலைவி, சாத்தூர்*

பறக்காது என்பது உண்மை. கெடுதல் இல்லை என்பது உண்மை அல்ல, அம்மா. தின்னர் வாடை இல்லாததால் எல்லாரும் இதைத் தண்ணீர் மாதிரி கையாளுகிறார்கள். ஆபத்து மூக்கு வழியாக வருவதைவிடத் தோல் வழியாகத்தான் அதிகம் வருகிறது. கெட்டியாகாத அக்ரிலேட் மானோமர் தோலில் பட்டால் முதலில் வெறும் எரிச்சல்தான் இருக்கும். திரும்பத் திரும்பப் பட்டால் உடம்பு அதை எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்ளும். அதன் பிறகு துளி பட்டாலும் அரிப்பு வரும். இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க நீடிக்கும். லீவில் ஆறி, வேலையில் திரும்புகிறது என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பது மிக முக்கியமான அறிகுறி. இதே வார்த்தைகளில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தோல் மருத்துவரிடம் காட்டி, "பேட்ச் டெஸ்ட்" (சந்தேகப் பொருளைத் தோலில் சிறிது ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்யக் கேளுங்கள். போகும்போது வார்னிஷ் டப்பாவின் எம்எஸ்டிஎஸ் என்ற பாதுகாப்புத் தகவல் தாளின் நகலைக் கொண்டுபோகட்டும். அதைக் கொடுக்க வேண்டியது கம்பெனியின் கடமை. அந்தத் தாளில் எச்317 என்று இருந்தால், தோல் ஒவ்வாமை உண்டாக்கும் பொருள் என்று தயாரித்தவரே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். டிஎம்பிடிஏ என்ற மானோமரை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2பி வகையில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ளது என்ற வகையில் வைத்திருக்கிறது. விலங்குச் சோதனைகளின் அடிப்படையில் வந்த முடிவு அது. பயந்து போக வேண்டாம். ஆனால் "ஒன்றும் ஆகாது" என்ற பேச்சுக்கு இடமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்றிலிருந்தே மாற்ற வேண்டியவை சில இருக்கின்றன. கையில் பட்டதைத் தின்னர் நனைத்த துணியால் துடைக்கும் பழக்கம் எல்லா மெஷினிலும் உண்டு. அதுதான் மிக மோசம். தின்னர் அந்த மானோமரைத் தோலுக்குள் இன்னும் ஆழமாகக் கொண்டுபோகும். சோப்பும் தண்ணீரும்தான் சரி. கையுறை நைட்ரைலாக இருக்க வேண்டும். பலூன் ரப்பர் மாதிரி மெல்லிய லேடெக்ஸ் உறையில் மானோமர் ஊடுருவிவிடும். நைட்ரைலும் மை பட்டால் சீக்கிரம் கழற்றிப் போட வேண்டியதுதான், கழுவி மறுநாள் போடக் கூடாது. கறை பட்ட சட்டையோடு வெயிலில் வந்தால் கறை துணியிலேயே கெட்டியாகிவிடும், பிறகு போகாது. அதற்குள் எவ்வளவு தோலில் இறங்கியதோ அதுவும் கணக்கு. வேலைச் சட்டையைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். நீங்கள் துவைக்கும்போதும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். செருப்பிலோ தோல் பெல்ட்டிலோ வார்னிஷ் ஊறியிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதைச் சுத்தம் செய்ய முடியாது.

கண்ணையும் கேளுங்கள். ராத்திரியில் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது, கண்ணீர் வடிகிறது என்றால் விளக்குக் கூண்டில் எங்கோ இடைவெளி வழியாக யூவி கசிகிறது. வெல்டிங் செய்பவர்களுக்கு வருமே, அதே பாதிப்பு. அந்த நேரத்தில் வலிக்காது, சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

அவரை வேறு பிரிவுக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வாமை உறுதியானால் மருந்து பூசிக்கொண்டே அதே மெஷினில் நிற்பது தீர்வே அல்ல.

போன கோடையில் யூவி வார்னிஷ் டிரம் ஒன்று திறக்காமலே உள்ளே ஜெல்லியாகிவிட்டது. வெயில் படவில்லை, ஷெட்டுக்குள்தான் இருந்தது. ஒளி படாமல் எப்படிக் கெட்டியாகும்?
*மர அலங்காரப் பலகை செய்பவர், ஓசூர்*

வெப்பம் போதும். டிரம்முக்குள் உள்ள ரெசின் எந்நேரமும் வினைபுரியத் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதை அடக்கி வைக்க எம்இஎச்க்யூ என்ற தடுப்பானை மிகச் சிறிய அளவில் சேர்த்திருப்பார்கள். அந்தத் தடுப்பான் தனியாக வேலை செய்யாது. ரெசினில் கரைந்துள்ள ஆக்சிஜன் கூட இருக்க வேண்டும். ரியாக்டரில் காற்று ஊதுவது இதற்குத்தான். டிரம்மை விளிம்பு வரை நிரப்பாமல் மேலே கொஞ்சம் காற்றிடம் விடுவதும் இதற்குத்தான். சிலர் இரண்டு அரை டிரம்மை ஒன்றாக ஊற்றி, இடம் மிச்சம் என்று கழுத்து வரை நிரப்பி மூடுகிறார்கள். அக்கறையாகச் செய்வதாக நினைத்து நைட்ரஜன் விட்டு மூடியவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே ரெசினை மூச்சுத் திணற வைக்கிற வேலை.

இதே ஆக்சிஜன்தான் மெஷினில் நமக்கு எதிராளி. விளக்கின்கீழ் பூச்சின் மேற்பரப்பில் உண்டாகும் தனி உறுப்புகளைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் பிடித்துக்கொள்வதால்தான் மெல்லிய பூச்சு பிசுபிசுவென்று நிற்கிறது. அதனால்தான் வார்னிஷில் அமீன் சேர்க்கிறார்கள், சில மெஷின்களில் விளக்கின்கீழ் நைட்ரஜன் விடுகிறார்கள். டிரம்மில் காற்று வேண்டும், விளக்கின்கீழ் வேண்டாம். இதை ஒரு அட்டையில் எழுதி ஸ்டோரில் ஒட்டி வைத்தால் நல்லது.

தகரக் கூரை ஷெட் என்றால் மே மாதத்தில் உள்ளே 45 டிகிரி சாதாரணம். 30 டிகிரிக்குள் வைக்க முயலுங்கள். துருப்பிடித்த டிரம், செம்பு அல்லது பித்தளை வால்வு கூடாது. உலோக அயனிகள் வினையைத் தூண்டும். ட்ரேயில் மிஞ்சியதை டிரம்மிலேயே திருப்பி ஊற்றாதீர்கள். குளிர்காலத்தில் கெட்டியாக இருக்கிறதென்று டிரம்மின் ஒரு பக்கம் மட்டும் ஹீட்டர் கட்டுவதும் ஆபத்து, அந்த இடம் மட்டும் கொதித்துப் போகும்.

டிரம் வெளியே தொட்டால் சுடுகிறது, மூடி உப்புகிறது என்றால் உள்ளே வினை ஓட ஆரம்பித்துவிட்டது. மூடியைத் திறக்கப் போகாதீர்கள். ஆட்களை வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். தூரத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சிக் குளிர்விப்பது அவர்கள் வேலை.

பால்கோவா கடை வைத்திருக்கிறோம். கண்ணைக் கவரும் யூவி பளபளப்பு அட்டைப் பெட்டி செய்து தருவதாக அச்சகத்தில் சொல்கிறார்கள். உள்ளே பாலித்தீன் கவர் போட்டுவிட்டால் பிரச்சினை இல்லை என்கிறார்கள். செய்யலாமா?
*கடை உரிமையாளர், ஸ்ரீவில்லிபுத்தூர்*

கேட்காமல் செய்துவிடாமல் எழுதிக் கேட்டதற்கு நன்றி. 2005 நவம்பரில் இத்தாலியில் நடந்ததைச் சொல்கிறேன். குழந்தைகளுக்கான பாலில் ஐடிஎக்ஸ் என்ற ஃபோட்டோ இனிஷியேட்டர் இருப்பதைக் கண்டுபிடித்து, சுமார் 3 கோடி லிட்டர் பாலைப் பறிமுதல் செய்தார்கள். மை பால் பெட்டி அட்டையின் வெளிப்பக்கத்தில்தான் இருந்தது. உள்ளே அலுமினியத் தாள் அடுக்கும் இருந்தது. பிறகு எப்படி? அச்சடித்த அட்டையை உருளையாகச் சுருட்டும்போது ஒரு சுற்றின் வெளிப்பக்கம் அடுத்த சுற்றின் உள்பக்கத்தில் அழுந்துகிறது. மையில் மிச்சமிருந்த பொருள் அந்த உள்பக்கத்துக்கு மாறிவிட்டது. பால் அங்கே பட்டது. பாலில் காணப்பட்ட அளவு உடனடி ஆபத்து தராது என்றுதான் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு சொன்னது. இருந்தாலும் குழந்தைப் பாலில் மை இருப்பதை யார்தான் ஏற்பார்கள்? அப்புறம் 2009-இல் காலை உணவு தானியப் பெட்டியிலிருந்து 4-மெத்தில்பென்சோபினோன் என்ற இன்னொரு இனிஷியேட்டர் உணவுக்குள் போனது தெரிய வந்தது.

உங்கள் பெட்டியும் அச்சகத்தில் அடுக்கிவைக்கப்படும். ஒரு ஷீட்டின் முகம் மேலே உள்ள ஷீட்டின் முதுகில் அழுந்தும். அதே கதைதான். பாலித்தீன் கவர் போதும் என்பது தவறு. பென்சோபினோன் மாதிரியான சிறிய மூலக்கூறுகள் பாலித்தீனையும் பாலிபுரோப்பிலீனையும் எளிதாகத் தாண்டும். பட்டர் பேப்பரும் அப்படியே. அலுமினியத் தாளும் பெட் (பாலியெஸ்டர்) பிலிமும்தான் நல்ல தடுப்பு. பால்கோவாவில் கொழுப்பு அதிகம். இந்தப் பொருட்கள் கொழுப்பில் நன்றாகக் கரையும்.

நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018 பேக்கேஜிங் ஒழுங்குமுறைப்படி உணவுப் பொட்டலத்தின் மை ஐஎஸ் 15495 தரத்துக்கு ஒத்துப்போக வேண்டும். அச்சகத்தில் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: மை அந்தத் தரத்தில் உள்ளதா, "லோ மைக்ரேஷன்" (உணவுக்குள் மிகக் குறைவாகவே ஊடுருவும்) யூவி மையும் வார்னிஷுமா, விளக்கின் அளவை எப்போது கடைசியாகச் சோதித்தார்கள். லோ மைக்ரேஷன் மை வாங்கி, பழைய விளக்கின்கீழ் அரைகுறையாக வேகவைத்தால் பயன் இல்லை.

என் யோசனை கேட்டால், இனிப்புப் பெட்டிக்கு வாட்டர் பேஸ்டு வார்னிஷ் போதும். பளபளப்பு கொஞ்சம் குறையும். ஊர் பெயருக்கே வாங்க வருகிறவர்கள் பெட்டியின் பளபளப்புக்காக வருவதில்லை.

கல்யாணப் பத்திரிகையில் யூவி வார்னிஷ் போட்டால் மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு தெரிகிறது. இன்னொரு வேலையில், ரிஃப்ளெக்ஸ் புளூ வைத்த கார்டில் வார்னிஷுக்கு அடியில் நீலம் படர்ந்துவிட்டது. இரண்டும் ஒரே காரணமா?
*பைண்டிங் பட்டறை நடத்துபவர், சிவகாசி*

இல்லை. வெடிப்புக்குக் காரணம் விலை குறைந்த எபாக்ஸி அக்ரிலேட் வார்னிஷ். வளையும் தன்மை இல்லாதது. மடிக்கிற வேலை என்று முன்கூட்டியே சொல்லி, யூரித்தேன் அக்ரிலேட் கலந்த வார்னிஷ் கேளுங்கள். மடிப்புக் கோட்டை முதலில் அழுத்தும் கிரீசிங் போடாமல் மடிக்காதீர்கள், அட்டையின் நார் ஓடும் திசைக்கு இணையாக மடிப்பு வரட்டும். பசை ஒட்டும் ஃபிளாப்பில் வார்னிஷ் படாமல் விடச் சொல்லுங்கள். யூவிமேல் பசை பிடிக்காது.

நீலம் படர்ந்தது நிறமியின் குணம். ரிஃப்ளெக்ஸ் புளூ, ரோடமின், பர்ப்பிள், வார்ம் ரெட் எல்லாம் வார்னிஷிலுள்ள மானோமரிலும் அமீனிலும் கரைந்து நிறம் கசிகிறவை. வார்னிஷ் போடப்போகும் வேலை என்றால் மை வாங்கும்போதே அதைத் தாங்கும் நிறமியில் அந்த ஷேடைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண மைமேல் யூவி போடுவதாக இருந்தால் மெழுகு இல்லாத மையாக இருக்க வேண்டும், குறைந்தது ஒரு நாள் காய விட வேண்டும். அவசர முகூர்த்தத்துக்கு இந்த ஒரு நாளைத்தான் எல்லாரும் வெட்டுகிறார்கள். மறுநாளே பளபளப்பு உள்ளே இறங்கி மங்கிவிடுகிறது.

மெர்குரி விளக்கை எடுத்துவிட்டு எல்இடி மாட்டலாம் என்று இருக்கிறேன். இப்போது உள்ள மையையே ஓட்டலாமா?
*ஆஃப்செட் அச்சக உரிமையாளர், கோயம்புத்தூர்*

ஓட்ட முடியாது. மெர்குரி விளக்கு 254, 313, 365 நானோமீட்டர் என்று பல அலைநீளத்தில் ஒளி தரும். எல்இடி பெரும்பாலும் 385 அல்லது 395-இல் ஒரே குறுகிய பட்டையில் தரும். உங்கள் மையிலுள்ள இனிஷியேட்டர் அந்த அலைநீளத்தை உறிஞ்சாவிட்டால் ஷீட் ஈரமாகவே டெலிவரிக்கு வரும். எல்இடிக்கென்று செய்த மையும் வார்னிஷும் வேண்டும். வார்னிஷில்தான் சிரமம் அதிகம். குறுகிய அலைநீளம் இல்லாததால் மேற்பரப்பு பிசுபிசுக்கும். வாங்குவதற்கு முன் உங்கள் வேலை ஷீட்டையே கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள்.

மற்றபடி எல்இடி பக்கம் நான் மனதார நிற்கிறேன். ஓசோன் வாடை இல்லை, மெர்குரி இல்லை, போட்டதும் எரியும், ஷீட் சுடாது, மின்சாரம் மிச்சம். ரோலர் பற்றி ஒன்று: ஒரே மெஷினில் சாதாரண மையும் யூவி மையும் மாற்றி மாற்றி ஓட்டுவதாக இருந்தால் இரண்டையும் தாங்கும் ரப்பர் ரோலர் போடுங்கள். சாதாரண நைட்ரைல் ரப்பர் யூவி மையில் ஊதிப்போகும்.

நெயில் ஜெல்லிலும் இதே ரெசின்தான் என்கிறார்களே?
*அழகு நிலையம் நடத்துபவர், சென்னை*

ஆமாம், அதே குடும்பம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் டிபிஓ என்ற இனிஷியேட்டரை அழகுசாதனப் பொருட்களில் தடை செய்திருக்கிறது. இனப்பெருக்கத்துக்குக் கெடுதல் செய்யும் பொருள் என்று வகைப்படுத்தியதால். வாங்கும் பாட்டிலில் டிபிஓ இல்லை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அதைவிட அன்றாடக் கவலை ஹெமா என்ற மானோமர் தரும் ஒவ்வாமை. ஜெல் நகத்தைச் சுற்றியுள்ள தோலில் படவே கூடாது, ஜெல் தயாரித்தவர் சொன்ன விளக்கையே பயன்படுத்த வேண்டும். அக்ரிலேட் ஒவ்வாமை வந்தவருக்குப் பின்னாளில் பல் சிகிச்சைப் பொருளோ சர்க்கரை அளவு பார்க்கும் ஒட்டுக் கருவியின் பசையோ ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உங்கள் வாடிக்கையாளரைவிட நாள் முழுக்க ஜெல்லோடு இருக்கும் உங்கள் ஊழியர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். சாத்தூர் வாசகிக்கு எழுதிய பதிலை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள்.

பல் டாக்டர் நீல விளக்கு வைத்து அடைத்தாரே, அதுவும் யூவியா?
*பள்ளி மாணவன், மதுரை*

ரெசின் அதே அக்ரிலேட் வழி வந்தது. ரஃபேல் போவன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய பிஸ்-ஜிஎம்ஏ என்ற ரெசின் அது, 1962-இல் காப்புரிமை பெற்றது. ஆனால் ஒளி யூவி அல்ல, 470 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி. கேம்ஃபர்குவினோன் என்ற மஞ்சள் நிறப் பொருள் அதை உறிஞ்சி வினையைத் தொடங்கி வைக்கும். டாக்டர் ஒரேயடியாகக் குழியை நிரப்பாமல் 2 மில்லிமீட்டர் அளவில் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் விளக்கைக் காட்டியிருப்பார். அடி வரை ஒளி போக வேண்டுமே, அதற்காக.